கறக்கும் கை யாருடையது?

மாடு கறப்பதற்கும் இயந்திரக் கை வந்துவிட்டது என்ற செய்தியைப் படித்துவிட்டு, நண்பரொருவர் சென்ற கிழமை என்னிடம் பெரிதும் வருந்தினார். பசுவுக்கும் கறப்பவருக்கும் இடையேயுள்ள உறவு தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு போன்றது. அதனை இரும்பு வந்து அறுத்துவிட்டது என்பது அவர் கட்சி. நண்பர் நல்ல தமிழறிஞர். ஆயினும் தம் வாழ்நாளில் ஒரு பசுவையேனும் கறந்தவர் அல்லர். பசுவைப் பற்றி உருக்கமாகப் பேசுவோருள் பெரும்பாலார் அத்தகையோரே என்பது என் நெடுநாளைய அவதானிப்பு.

நான் மாட்டுக் கொட்டிலை அடுத்த வீட்டிலே வளர்ந்தவன். எங்கள் செவலைப் பசு அம்மாவின் கைக்கன்றி வேறெவர் கைக்கும் பால் தராது. கன்றை அவிழ்த்துவிட்டு, அது நாலு முறை முட்டிக் குடித்ததும் இழுத்துக் கட்டிவிட்டு, அம்மா குந்தியிருந்து கறப்பார். பிறர் எவரேனும் செம்போடு கிட்டப் போனால் பசு பாலை ஒளித்துக்கொள்ளும். அயலார் அதனை அன்பென்று போற்றினர். அந்த அன்புக்குரிய விலையைக் கொடுத்தவர் அம்மா ஒருவரே. என் பத்தாவது வயதிலே சின்னம்மாவின் கலியாணம் திருகோணமலையில் நடந்தது. வீட்டிலுள்ளோர் எல்லோரும் போனோம். அம்மா மட்டும் போகவில்லை. காலையும் மாலையும் யார் கறப்பது? உடன்பிறந்த தங்கையின் தாலிகட்டை அவர் பார்க்கவில்லை. இதனை அறிந்த நான் இயந்திரத்தை எள்ளி நகையாடுவது எங்ஙனம்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு டென்மார்க்கில் மகள் வீட்டிலே சில மாதம் தங்கியிருந்தேன். அந்நாட்டின் யூட்லாந்துப் பகுதியில் எம்மவர் பலர் குடியேறியிருக்கின்றனர். பால் பண்ணைகளுக்குப் பேர்போன பகுதியும் அதுவே. மருமகன் தமக்குப் பழக்கமான ஒரு பண்ணைக்கு என்னை அழைத்துச் சென்றார். நூற்றுக்கு மேற்பட்ட பசுக்கள். கறப்பதற்கு இரண்டு இயந்திரங்கள். நாங்கள் உள்ளே நுழைந்த வேளையில் கொட்டிலிலே மனிதர் ஒருவரையும் காணோம்.

பசு தனக்கு வேண்டிய நேரத்தில் தானே நடந்து வருகின்றது. கழுத்துப் பட்டியிலுள்ள சிறு கருவி அது இன்ன பசுவென்று அறிவிக்கின்றது. சற்று முன்னரே கறந்துசென்ற பசுவாயின் தீனி விழாது; வெளிவாயில் திறக்க, ஏமாந்த முகத்தோடு அது போய்விடும். முறை வந்த பசுவாயின் முன்னே தீனி விழுகின்றது. பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு வந்து காம்புகளைத் தூரிகையால் துடைக்கின்றது. பின்னர் ஒளிக்கதிரைக் கொண்டு காம்பு இருக்குமிடத்தைத் தேடி, நான்கு கிண்ணங்களையும் ஒவ்வொன்றாகப் பொருத்துகின்றது. ஒவ்வொரு காம்பின் பாலும் தனித்தனியே அளக்கப்படுகின்றது. மடிநோய் தொடங்கினால் பாலில் உப்பு மிகும். உப்பு மிகுந்தால் மின்சாரம் எளிதிலே பாயும். அதனை அளந்தறிந்து, நோய் கண்ணுக்குத் தெரியுமுன்னரே இயந்திரம் எச்சரிக்கின்றது. பழுதான பாலை வேறு குழாய்க்குத் திருப்பிவிடுகின்றது. கழுத்துக் கருவியோ பசு எவ்வளவு நேரம் இரைமீட்டது என்பதைக் கணக்கிடுகின்றது. நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் இரைமீட்கும் பசு திடீரென்று அதைக் குறைத்தால், உடம்புக்கு ஏதோ சரியில்லை என்பது பொருள். அம்மா இதனைப் பசுவின் முகத்தைப் பார்த்தே சொல்வார். ஆனால் அவரிடம் இருந்தது ஒரு பசு.

நண்பர் கவலைகொண்ட அந்த உறவைப் பற்றியும் அங்கே நின்று யோசித்தேன். காம்பிலே தொடுகை படும்போது அவ்வுணர்ச்சி மூளைக்குச் செல்ல, ஒட்சிற்றோசின் என்னும் சுரப்பு இரத்தத்திற் கலந்து மடியை அடைந்து பாலை இறக்குகின்றது. அச்சமுற்ற பசுவிலே அது நன்கு நிகழாது. கன்றின் முட்டல் எங்கள் வீட்டிலே செய்த வேலையை இங்கே தூரிகை செய்கின்றது. செவலை அம்மாவின் கையை நம்பியது. இந்தப் பசு இந்தக் கூண்டை நம்புகின்றது. அடிப்பார் இல்லை, அதட்டுவார் இல்லை. நாளுக்கு இரண்டு மூன்று முறை தானாகவே வருகின்றது. பசுவின் பக்கமிருந்து பார்த்தால் நண்பரின் வருத்தத்துக்கு இடமில்லை என்றே சொல்வேன். இடர்ப்பாடு மனிதன் பக்கத்திலே இருக்கின்றது.

அதனை விளக்கச் சிறிது பின்னோக்கிப் போகவேண்டும். 1878 ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டுக் குஸ்தாவ் டி லாவால் என்பவர், பாலைச் சுழற்றி ஆடையை இடைவிடாது பிரித்தெடுக்கும் இயந்திரத்தை ஆக்கினார். அதற்கு முன்னர்ப் பாலைத் தட்டிலே ஊற்றி, ஆடை மிதக்கும்வரை பல மணி நேரம் காத்திருத்தல் வேண்டும். பெரும் பண்ணையார் வெண்ணெய்க்கு நல்ல விலை. நாலைந்து மாடு வைத்திருந்த குடியானவன் வெண்ணெய்க்கு மதிப்பில்லை. புதிய இயந்திரத்தை வாங்கும் வசதியும் அவனுக்கில்லை. ஆகவே 1882 ஆம் ஆண்டிலே, யூட்லாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள யெடிங் என்னும் சிற்றூரார் ஒன்றுகூடி, டென்மார்க்கின் முதலாவது கூட்டுறவுப் பாற்சாலையை நிறுவினர். சில ஆண்டுகளுக்குள் அத்தகைய சாலைகள் நாடெங்கும் நூற்றுக்கணக்கில் எழுந்தன. வாக்குரிமை ஆளுக்கு ஒன்று. மாட்டுக்கு ஒன்று அன்று. மனிதத் தலையை எண்ணுக, மாட்டுத் தலையை எண்ணற்க என்பது டேனியர் அக்காலத்திற் கொண்ட விதி. அப்பால் 1895 ஆம் ஆண்டிலே வையன் என்னும் ஊரிலே குடியானவர் சேர்ந்து, பண்ணை பண்ணையாகச் சென்று பாலையும் கொழுப்பையும் அளந்து குறிப்பதற்கு ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினர். உலகிலேயே இத்தகைய சங்கங்களுள் அதுவே முதலாவது. இயந்திரம் பொதுவுடைமை ஆயிற்று; கணக்கும் பொதுவுடைமை ஆயிற்று.

பின்னர் 1992 ஆம் ஆண்டிலே ஒல்லாந்து நாட்டிலே, தானே கறக்கும் இயந்திரம் முதன்முதலாகப் பண்ணைக்கு வந்தது. அதனை வாங்கியவர்களோ தனித்தனியே வங்கிக்குப் போனார்கள். நான் கண்ட பண்ணையாளரும் அவ்வாறே போனவர். “இந்தக் கணக்கெல்லாம் எங்கே போகின்றது?” என்று மருமகன் வாயிலாகக் கேட்டேன். ஒரு பகுதி பண்ணையாளரின் பொது ஏட்டிற்கு இன்றும் போகின்றதாம். மிகுதியெல்லாம் இயந்திரம் விற்ற கம்பனியின் களஞ்சியத்திலே கிடக்கின்றது. அவர் அதனைப் பார்க்கலாம். ஆனால் வேறொரு கம்பனியின் தீனி இயந்திரத்தை வாங்கியபோது, இரண்டும் ஒன்றோடொன்று பேச மறுத்துவிட்டன. இயந்திரக் கை பழுதானால் அவர் திறந்து பார்க்கவும் இயலாது. திறவுகோல் இரும்பாலானதன்று, அது இரகசிய எண்.

இங்கே ஒரு தடையை எழுப்புவாரும் உளர். ஆடை பிரிக்கும் இயந்திரத்தை ஊர் நடுவே வைக்கலாம், பாலை வண்டியிலே ஏற்றி வரலாம். கறக்கும் இயந்திரமோ கொட்டிலுக்குக் கொட்டில் வேண்டுமே என்பர். உண்மைதான். இயந்திரத்தைப் பங்கிட முடியாது. ஆனால் கடனைப் பங்கிடலாம். பழுது பார்ப்பவரைப் பங்கிடலாம். கணக்கேடு எங்களுடையது, திறவுகோல் எங்களுடையது என்று விலை பேசும்போதே கூட்டாக நின்று சொல்லலாம். அந்நாட்டிலே பெரும்பாலான பால், பண்ணையைவிட்டு வெளியேறியதும் இன்றும் கூட்டுறவின் கைக்கே போகின்றது. கறக்கும் இடத்திலே மட்டும் பண்ணையாளன் தனியன். மூளாயிலே ஆஸ்பத்திரியையே கூட்டுறவாக எழுப்பிய மக்கள் நாம். இரண்டு மாடு வைத்திருப்போர் மிகுந்த நம் ஊருக்கு இயந்திரக் கை நாளைக்கே வரப்போவதில்லை. கழுத்துப் பட்டி அதற்கு முன்னரே வந்துவிடலாம். வரும்போது அதன் விலையை மட்டும் கேட்டு வாங்கிக் கட்டிவிடுவோமோ என்பதே என் அச்சம்.

புறப்படும் வேளையிலே, கொட்டிலை விட்டு அவர் வெளியூர் போவதுண்டோ என்று கேட்டேன். மகளின் திருமணத்துக்குக் கோப்பன்ஹேகன் போனதைச் சொன்னார். சடங்கை முழுவதும் பார்த்தாராம். அதைக் கேட்டு எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. பாதி விருந்திலே கைத்தொலைபேசி ஒலித்தது. இரண்டு இயந்திரங்களும் நின்றுவிட்டன. கம்பனியின் ஆள் தொலைவிலிருந்து வந்துசேர நள்ளிரவாயிற்று. அதுவரை அயற்பண்ணையாரைப் போய்ப் பார்க்கும்படி கேட்டிருக்கிறார். அவருடைய இயந்திரம் வேறு கம்பனியுடையது. அவர் வந்து, மடி கனத்துக் கதறிய பசுக்களிடையே சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாராம்.