நீருக்குள் பஞ்சம்

'நீருள்ள மட்டும் மீன்குஞ்சு துள்ளும்' என்பது நம் பெரியோர் வாக்கு. ஆயினும், கோடைக்காலத்து விடியலில் ஏரி, குட்டைகளின் கரையில் நின்று நோக்குவோர், நீர் இருந்தும் மீன்கள் துள்ளாமல், நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடித் தவிப்பதைக் காணலாம். நீர் இருக்கிறது, அதிலுள்ள பிராணவாயுதான் பஞ்சமாகிவிட்டது.

ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 280 மில்லிகிராம் பிராணவாயு உண்டு. 20 டிகிரி உஷ்ணமுள்ள ஒரு லிட்டர் நன்னீரிலோ சுமார் 9 மில்லிகிராமே கரைந்திருக்க இயலும். உஷ்ணம் 30 டிகிரியானால் ஏழரை மில்லிகிராம். 35 ஆனால் ஏழுக்கும் குறைவு. இது போதாதென்று, மீன் தன் உடலைத் தானே சூடாகவோ குளிர்ச்சியாகவோ வைத்துக்கொள்ள வல்லதன்று. நீர் 10 டிகிரி சூடேறினால் அதன் பிராணவாயுத் தேவை ஏறக்குறைய இருமடங்காகிறது. வரவு சுருங்கச் செலவு பெருகினால் என்ன நேருமென்பதைக் குடும்பம் நடத்துவோர்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

பகலில் பாசிகள் வெயிலைக்கொண்டு பிராணவாயுவை உண்டாக்குகின்றன. இரவிலோ அவையும் மீன்களோடு போட்டியிட்டு அதை உட்கொள்கின்றன. ஆகவேதான் விடியற்காலை மீன்களுக்குக் கொடிய வேளையாகிறது. சாக்கடை நீர் கலந்தால் அதிலுள்ள அழுக்கைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மிச்சத்தையும் தின்றுவிடுகின்றன. ஆகாயத்தாமரை படர்ந்து மூடினாலோ, காற்று நீரைத் தொடுவதற்கே இடமில்லை. முதல் பெருமழைக்குப் பின் மீன்கள் செத்து மிதப்பதும் பெரும்பாலும் இதனாலேயே. அடியில் கிடந்த கருஞ்சேறு கலங்கி, தெருக் கழிவும் வந்து சேர்ந்து, இருந்த பிராணவாயுவைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடுகிறது.

இத்தகைய நீரிலும் பிழைக்கச் சில மீன்களுக்கு இயற்கை வழி வகுத்திருக்கிறது. விரால், தேளி, பனையேறிக் கெண்டை முதலியவை செவுளோடு நில்லாமல், மேலே வந்து காற்றையும் சுவாசிக்கின்றன. விராலை மேலே வரவொட்டாமல் தடுத்துவிட்டால், நீருக்குள்ளேயே அது மூச்சு முட்டி இறந்துபோம்! 1791-ல் தரங்கம்பாடியில், டேனிஷ்காரரான டால்டார்ஃப் என்பவர் பனைமரத்தில் ஒரு மீன் ஏறக் கண்டதாக எழுதிவைத்தார். மரமேறும் கதையைச் சாஸ்திரிகள் பலர் ஐயுறுகின்றனர். ஆயினும் அம்மீன் ஈரத்தரையில் ஊர்ந்து வேறு குட்டையை நாடிச் செல்வது மெய்யே.

ஊர்ந்து செல்ல இயலாத மீன்களின் கதி என்ன? அவற்றிற்கு வெள்ளமே வழி. ஆதனூர்ப் பக்கத்தில் தோன்றி, அனகாபுத்தூர், பம்மல் அருகே ஓடி, சுமார் 42 கிலோமீட்டர் கடந்து கடல் சேரும் அடையாற்றின் இருமருங்கும் ஒரு காலத்தில் ஏரிகளும் வயல்களுமாய் இருந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையில் கலங்கல்கள் வழிய, கெண்டைகள் வாய்க்கால்வழி எதிரேறி, புது நீர் பரந்த ஆழமற்ற இடங்களில் முட்டையிடும். புது நீர் குளிர்ந்தது. ஓடுவதால் பிராணவாயு மிக்கது.

அவ்வழிகளிற் பலவற்றை நாம் மூடிவிட்டோம். 2015 டிசம்பரில் முடிச்சூரும் அனகாபுத்தூரும் நீரில் மூழ்கியபோது, ஆறு தன் பழைய இடத்தைத் தானே தேடி வந்தது. வீடுகளுக்கு நேர்ந்த கேட்டை நாம் அறிவோம். மீன்களின் கேடு கண்ணுக்குப் படுவதில்லை. நாள் செல்லச் செல்ல, அயிரையும் கெண்டையும் அருகி, காற்றுண்ணும் விராலும், 1952-ல் நம் நாட்டில் புகுந்து எந்நீரிலும் பிழைக்கும் ஜிலேபிக் கெண்டையுமே ஒரு நீர்நிலையில் எஞ்சுமாயின், அந்த நீர் நோயுற்றதென அறிக. வலையில் விழும் மீனே அதற்குச் சாட்சி.

பரிகாரம் அரிதன்று. வரத்துக் கால்வாயைத் திறப்பதும், சாக்கடையைத் திருப்புவதும், ஆகாயத்தாமரையை அகற்றுவதும், கரையில் நிழல்மரம் வளர்ப்பதுமே போதும். குடிமராமத்து என்று நம் முன்னோர் ஊர்கூடிச் செய்த வேலையே இது. பம்மல் இன்று, 2021-ல் அமைந்த தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. ஊர் நகரமானால் ஏரி சாக்கடையாக வேண்டுமென்ற விதி ஏதுமில்லை. மீன் மூச்சுவிடும் நீரே மனிதர்க்கும் நலந்தரும் நீர் என்பதை நகரத்தார் உணர்வார்களாக.