கூட்டுக் கோழியும் முற்றத்து நியாயமும்

"மனிதனுக்கே முட்டை கிடைக்காத நாட்டிலே கோழிக்காகக் கண்ணீர் வடிப்பதா?" இக்கட்டுரையின் பொருளைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர் விடுதிச் சாப்பாட்டு மேசையில் எழுப்பிய வினா இது. இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அந்நியச் செலாவணி வற்றித் தீவனம் அரிதாகிய 2022 ஆம் ஆண்டில் நமது பண்ணைகளிற் கோழிகள் குறைந்தன. 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை ஏற்பட்டது. முட்டையின் அருமையை மறந்து நான் இதனை எழுதவில்லை. ஆயினும் அவ்வினாவினுள்ளே ஒரு கணக்கு மறைந்து கிடக்கின்றது. அக்கணக்கையே இங்கு எதிர்க்க விரும்புகின்றேன்.

பிரித்தானியாவில் இன்று பரவியுள்ள ஒரு வழக்கத்தை முதலில் நோக்குவோம். கூட்டுப் பண்ணைகளில் முட்டையிட்டு ஓய்ந்த கோழிகளை, கொலைக்களத்துக்கு அனுப்பப்படுமுன் மீட்டு, வீட்டு முற்றங்களில் வளர்ப்பதற்குக் கொடுக்கின்றனர். 2005 ஆம் ஆண்டிலே ஜேன் ஹோவோர்த் என்ற பெண்மணி தொடங்கிய கோழி நலன் அறக்கட்டளை மட்டும் இதுவரை பல இலட்சம் கோழிகளை இவ்வாறு குடியேற்றியுள்ளது. சிறகுதிர்ந்து, கொண்டை வெளிறி, புல்லைக் கண்டஞ்சும் பறவைகளைச் சாதாரணக் குடும்பங்கள் பெட்டிகளில் ஏந்திச் செல்கின்றன.

அக்கோழிகள் எங்கிருந்து வந்தன? வீட்டுக்கோழியின் மூதாதையாகிய செங்காட்டுக்கோழி ஆண்டொன்றுக்குப் பத்துப் பதினைந்து முட்டைகளே இடும். பண்ணைக் கலப்பினக் கோழியோ ஏறத்தாழ 300 முட்டைகள் இடுமாறு உருவாக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு முட்டையோட்டுக்கும் ஏறத்தாழ இரண்டு கிராம் கல்சியம் வேண்டும். தீவனம் ஈடுசெய்யாதபோது அதனைத் தன் எலும்பிலிருந்தே கோழி கொடுக்கின்றது. ஆறு, ஏழு ஆண்டுகள் வாழக்கூடிய அப்பறவை ஒன்றரை ஆண்டு வயதளவிலேயே "முடிந்த கோழி" எனக் கழிக்கப்படுகின்றது. கூட்டிலிருந்து இழுத்தெடுக்கும்போதே பலவற்றின் எலும்புகள் முறிகின்றன.

ஐரோப்பிய ஒன்றியம் 1999 இல் விதித்த ஆணையின்படி வெறுங்கூட்டில் ஒரு கோழிக்குரிய குறைந்தபட்ச இடம் 550 சதுர சென்ரிமீற்றர். நாம் ஒப்படை எழுதும் ஏ4 தாளின் பரப்பு ஏறத்தாழ 624 சதுர சென்ரிமீற்றர். அத்தாளினும் சிறிய இடத்தில் நின்று, புழுதியே இல்லாத கம்பித் தரையிலே, புழுதியிற் குளிக்கும் அசைவுகளை அக்கோழி செய்துபார்க்கின்றது. இயல்பூக்கத்தைக் கூட்டினால் அழிக்க முடியவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, நமது முற்போக்கு நண்பர்களின் வாதத்துக்கு வருவோம். "இம்மீட்பு நடுத்தர வர்க்கத்தின் மனச்சாந்தி வைத்தியம், வெறுமையான கூட்டிலே மறுவாரமே புதிய கோழி அடைக்கப்படுகின்றது" என்பர். இதில் உண்மையுண்டு. மீட்கப்பட்ட ஒவ்வொரு கோழியுடனும் பொரித்த சேவற்குஞ்சு முட்டையிடாது என்ற காரணத்தால் முதல் நாளிலேயே கொல்லப்படுகின்றது. அதனை எந்த முற்றமும் மீட்பதில்லை, சட்டமே மீட்கவேண்டும். ஜேர்மனி 2022 இலும் பிரான்சு 2023 இலும் அக்கொலையைத் தடைசெய்தன.

ஆயினும், சட்டம் வானத்திலிருந்து விழுவதில்லை என்பதை நண்பர்கள் மறக்கின்றனர். ரூத் ஹரிசன் என்ற பெண்மணி 1964 இல் பண்ணைக் கூடுகளின் கொடுமையை நூலாக வெளியிட்டார். அதனால் எழுந்த கொதிப்பின் விளைவாக நியமிக்கப்பட்ட பிராம்பெல் குழு, எழவும் படுக்கவும் திரும்பவும் உடலைக் கோதவும் கைகால் நீட்டவும் விலங்குக்கு இடம் வேண்டுமென 1965 இல் அறிக்கையிட்டது. வெறுங்கூடு ஐரோப்பிய ஒன்றியத்திற் சட்டவிரோதமானது 2012 இலேதான். இடையிற் கழிந்தவை நாற்பத்தேழு ஆண்டுகள். அப்பொழுதுங்கூட 750 சதுர சென்ரிமீற்றர் கொண்ட "வசதியூட்டிய கூடு" அனுமதிக்கப்பட்டது. இத்தகைய நீண்ட போராட்டத்தில், சிறகிழந்த கோழியொன்றை அயலவர் வேலிக்கு மேலாற் காண்பது துண்டுப்பிரசுரம் நூற்றுக்குச் சமமாகும். எனவே மீட்பை நான் பழிக்கமாட்டேன்.

எனது குற்றச்சாட்டு வேறு. மீட்ட கோழியை "மலிவான முட்டைக்கு ஒரு வழி" என்று கருதி வீட்டுக்குக் கொண்டுவருவோர் உளர். இவர்கள் கோழியைப் பெயர்த்ததுபோலவே பண்ணையின் கணக்குப் புத்தகத்தையும் முற்றத்துக்குப் பெயர்த்துவிட்டனர். இடும் வரைக்கும் தீனி, நின்றால் கத்தி என்பது பண்ணையின் நியாயம். அதே நியாயம் முற்றத்திலும் ஆளுமாயின், அக்கோழிக்குக் கிடைத்தது தவணை நீடிப்பேயன்றி விடுதலையாகாது.

இதனைப் பிறர்மீது சுமத்தும் தகுதி எனக்கில்லை. 2022 இல் எங்கள் கிராமத்துக்கு லொறியில் வந்த கழித்த கோழிகளில் நான்கை அம்மா வாங்கினார். முதலிரவு அவை கொப்பில் ஏறத் தெரியாது நிலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மூன்றாம் நாள் ஒன்று முருங்கையடிப் புழுதியிற் புரண்டது. மற்றவை பார்த்து நின்று பின் தாமும் புரண்டன. சிறகு முளைத்தது. தட்டுப்பாட்டுக் காலம் முழுவதும் அவற்றின் முட்டைகளை உண்டோம். அடுத்த ஆண்டு இரண்டு கோழிகள் இடுவதை நிறுத்தின. தீவன விலையைச் சொல்லி அம்மா அவற்றைக் கறியாக்கத் தீர்மானித்தபோது அம்மம்மா கேட்டார்: "முட்டையிடாததுக்குச் சோறில்லையெண்டால், நாளைக்கு எனக்கும் இல்லைத்தானே, பிள்ளை?" ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. அன்று அம்மம்மா உண்ணவில்லை. நான் உண்டேன்.

மனிதரைக் கோழியோடு ஒப்பிட்டு இழிவுபடுத்துவது என் நோக்கமன்று. ஆனால், அம்மம்மாவின் வினா கோழியோடு முடிவதுமன்று. கொழுந்து கிள்ளிய விரல் தளர்ந்தபின் லயன் காம்பராவின் மூலையில் ஒதுக்கப்படும் மூதாட்டியும், ஆடைத் தொழிற்சாலையில் இளமையைக் கொடுத்து நோயுடன் திரும்பும் பெண்ணும் இதே கணக்குப் புத்தகத்தின் வேறு பக்கங்களில் எழுதப்பட்டவர்களே. "முதலில் மனிதன், பின்னர் கோழி" என்று வரிசை வகுக்கும் நண்பர், பயன் முடிந்ததை எறிக என்ற ஒரே விதி இருவரையும் வருத்துவதை ஏன் காண மறுக்கின்றார்? அவ்விதியைச் சிறிய உயிரிடத்து ஏற்றுக்கொண்ட மனம் பெரிய உயிரிடத்து அதனை எதிர்க்குமென்பதற்கு யாது உறுதி?

நமது நாட்டில் விலங்கு வதையைத் தடுக்க ஆக்கப்பட்ட கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டினது. கூட்டுப் பண்ணை தோன்றுமுன் எழுதப்பட்டது. புதிய சட்டத்துக்குக் குரல் கொடுப்பது நமது கடமை. விவசாயமும் கால்நடை மருத்துவமும் பயிலும் நண்பர்கள், கூடின்றி முட்டை உற்பத்தி செய்வதற்கான செலவை நம் நாட்டு நிலைமைக்கேற்பக் கணித்துக் காட்டட்டும். ஏழையின் தட்டிலிருந்து முட்டையைப் பறிக்காமல் கூட்டை ஒழிக்கும் வழி எதுவென்பதே அவர்கள் ஆராயவேண்டிய பொருள்.

அதுவரை, கழித்த கோழியை முற்றத்துக்குக் கொண்டுவருவோர் கொண்டுவரட்டும். ஆனால், அது ஓயும் நாளை முன்கூட்டியே எண்ணி, அந்நாளுக்குப் பின்னரும் தீனியிடுவதாகத் தீர்மானித்த பின்னரே கொண்டுவரட்டும். இடையிற் கிடைக்கும் முட்டையை நன்றியோடு உண்போம். எங்கள் வீட்டில் எஞ்சிய இரண்டு கோழிகளும் இப்பொழுது இடுவதில்லை. காலையில் அவற்றுக்கு நெல் வீசுபவர் அம்மா.