பனங்கன்று ஆணா, பெண்ணா?

ராமநாதபுரம் சீமையில் மழை குறைவு, மணல் அதிகம். ஆனாலும் சாயல்குடி முதல் ராமேசுவரம் தீவு வரை பனை நிற்கிறது. நுங்கும் பதநீரும் கருப்பட்டியும் தந்து ஏழைக் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

ஆனால் பனைக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. தான் ஆணா, பெண்ணா என்பதைப் பாளை விடும் வரை அது சொல்லாது! பாளை வர 12 முதல் 15 ஆண்டு ஆகும். பிள்ளை பிறந்த அன்று விதை போட்டால், அவன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதுதான் சேதி தெரியும். ஆண் பனையிலும் பதநீர் உண்டு. ஆனால் நுங்கு இல்லை, பனம்பழமும் இல்லை.

இந்த ரகசியம் எங்கே இருக்கிறது? விதைக்குள்ளே இருக்கிறது!

வீடு கட்டும் இடத்தைப் பாருங்கள். கொத்தனாரும் சித்தாளும் பலர் இருப்பார்கள். அவர்களை ஏவ ஒரு மேஸ்திரி இருப்பார். மரபணுக்களிலும் அப்படித்தான். சில மரபணுக்கள் மற்றவற்றை ஏவுகின்றன. இந்த மேஸ்திரிகள் குடும்பம் குடும்பமாக இருக்கிறார்கள். பூவையும் காயையும் உருவாக்குவதில் ஒரு குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

எண்ணெய்ப் பனையில், கொட்டையின் ஓடு தடிப்பா, மெல்லியதா என்பதை முடிவு செய்வது அந்தக் குடும்பத்து மரபணு ஒன்றுதான். 2013-ல் மலேசிய விஞ்ஞானிகள் முன்னின்று இதை வெளியிட்டார்கள். ஓடு மெலிந்தால் எண்ணெய் அதிகம். முன்பெல்லாம் காய்க்கும் வரை காத்திருந்தார்கள். இப்போது நாற்றின் இலையைச் சோதித்தே சொல்லிவிடலாம்!

நம் பனைக்கு இது வேண்டாமா? பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-ல் 76 லட்சம் பனை விதைகள் வழங்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. நல்ல காரியம்! ஆனால் விதை போட்டால் மட்டும் போதுமா? ஆண், பெண் அடையாளத்தைத் தேடும் ஆராய்ச்சி நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. அது ஏட்டோடு நிற்கக் கூடாது. மலிவான சோதனையாகக் கிராமத்து நாற்றங்காலுக்கு வர வேண்டும்.

ஆண் பனையே வேண்டாம் என்பதல்ல பேச்சு. ஆண் இல்லாவிட்டால் காய் ஏது? எதை எத்தனை நடுவது என்று தெரிந்து நட வேண்டும். அதுவரை, நன்றாகக் காய்க்கும் தாய் மரத்தின் பழுத்த பழத்திலிருந்தே விதை எடுங்கள்.

பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது பழமொழி. பார்க்கப் போவது எது என்றாவது அவனுக்கு முன்கூட்டியே தெரியட்டும்!