பழைய வண்டிக்கு யார் பொறுப்பு?

இரும்பு துருப்பிடிக்கும், மரம் உளுத்துப் போகும், பிளாஸ்டிக்குக்கு மட்டும் கேடில்லை என்பது நம்மில் பலருடைய எண்ணம். அந்த எண்ணத்தை மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க் ஒன்று பொய்யாக்கிவிட்டது. ஊறவைத்த கடலையைப் போல அது உப்பிப் பருத்தது. 'வண்டியின் டேங்க் வீங்குவதற்கும் நம் சங்க மலருக்கும் என்ன தொடர்பு?' என்று நண்பர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. விடுதிக் கொட்டகையில் நிற்கும் நம் வண்டிகளில் பாதி, தந்தையாரோ அண்ணனோ ஓட்டித் தள்ளிய பழைய வண்டிகள். அல்லது படிப்பு முடித்துப் போன மூத்த மாணவர்களிடம் பாதி விலைக்கு வாங்கியவை. அவற்றின் வயிற்றில் ஊற்றும் எரிபொருள் மாறிவிட்டது. மாறியதன் விளைவை யார் சுமப்பது என்பதே என் கேள்வி.

முதலில் அந்த டேங்கின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலி நாட்டு டுகாட்டி நிறுவனம் 2000-க்குப் பிந்தைய பத்தாண்டில் தன் மான்ஸ்டர், மல்டிஸ்ட்ராடா, ஸ்போர்ட் கிளாசிக் முதலிய வண்டிகளுக்கு நைலான் வகைப் பிளாஸ்டிக்கால் ஆன டேங்குகளைப் பொருத்தியது. அவ்வண்டிகள் அமெரிக்காவில் ஓடின. அங்கே விற்ற பெட்ரோலிலோ பத்து விழுக்காடு எத்தனால் கலந்திருந்தது. சில ஆண்டுகளில் டேங்குகள் நீண்டன, அகன்றன, மூடியைச் சுற்றிப் புடைத்தன. கழற்றிய டேங்கைத் திரும்பப் பூட்டப் போனால் போல்ட் துளை நேருக்கு வரவில்லை. ஹாண்டிலை முழுக்கத் திருப்பினால் டேங்கில் இடித்தது.

ஏன் இப்படி? நம் வேதியியல் நண்பர்களுக்கு இது எளிய பாடம். நைலான் நீண்ட சங்கிலிகளால் ஆன பொருள். அச்சங்கிலிகளை ஒன்றோடொன்று இறுக்கி வைப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். தண்ணீரும் எத்தனாலும் அந்தப் பிணைப்புகளுக்கிடையே புகுந்து தமக்கு இடம் பிடித்துக்கொள்கின்றன. சங்கிலிகள் விலகுகின்றன, டேங்கின் சுவர் பருக்கிறது. எத்தனாலுக்கு ஈரத்தின்மீது ஆசை அதிகம். காற்றிலுள்ள ஈரத்தையும் அது இழுத்து வந்து சேர்க்கிறது. ஆக, விருந்தாளி ஒருவர் வர, அவர் கைபிடித்து இன்னொருவரும் வந்த கதைதான்.

நைலானைத் தேர்ந்த பொறியாளர்கள் அறியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. சாதாரணப் பாலிஎதிலீன் டேங்கின் சுவர் வழியாகப் பெட்ரோல் ஆவி மெல்லக் கசிந்து வெளியேறும். நைலான் அதைப் பெரிதும் தடுக்கும். காற்றைக் கெடுக்கும் அந்த ஆவிக்கு அமெரிக்க அரசு 2008-ஆம் ஆண்டு வண்டிகள் முதல் கடுமையான வரம்பு விதித்தது. ஒரு தீங்கைத் தடுக்க வந்த பொருள் இன்னொரு திரவத்திடம் தோற்றது. டேங்கைச் செய்தவர் ஒருவர். எரிபொருளைக் கலந்தவர் வேறொருவர். இருவருக்கும் நடுவே நின்று காசைக் கொடுத்தவர் வண்டியின் சொந்தக்காரர்!

அந்தச் சொந்தக்காரர்கள் வாளாவிருக்கவில்லை. கலிபோர்னியாவில் ஒன்றுகூடி வழக்குத் தொடுத்தார்கள். 2012-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. உத்தரவாதக் காலம் நீண்டது. வீங்கிய டேங்கைப் பழுது பார்க்கவோ மாற்றித் தரவோ நிறுவனம் இசைந்தது. மாற்றித் தரும் டேங்கும் அதே பிளாஸ்டிக்தானே, அதுவும் வீங்காதா என்று பலர் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயம் இருந்தது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: 'என் வண்டி கெட்டது என் தலையெழுத்து' என்று அவர்கள் வீட்டுக்குள் முடங்கவில்லை.

வீங்கிய டேங்க் கையில் இருந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லாமல் போனால் கட்டுரை வெறும் பேச்சாகிவிடும். டேங்கைக் கழற்றிப் பெட்ரோலை முழுதும் வடித்து, மூடியைத் திறந்து, நெருப்பில்லாத, காற்றோட்டமான இடத்தில் வாரக்கணக்கில் உலர விடவேண்டும். உள்ளே புகுந்தவை மெல்ல வெளியேற, டேங்க் பெரும்பாலும் சுருங்கும். ஆனால் பழைய அளவுக்கு முழுதும் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. அவசரப்பட்டுச் சூடு காட்டுவது உயிருக்கே ஆபத்து. சுருங்கியபின் உட்புறம் எத்தனாலைத் தாங்கும் எபாக்சி பூச்சுக் கொடுப்பவர் உண்டு. தாங்கியின் துளையை நீட்டிப் பொருத்துபவரும் உண்டு. பணம் உள்ளவர்கள் அலுமினியத்தில் புது டேங்கே செய்துகொள்கிறார்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் நைலான் டேங்கைக் காலியாக வைப்பது நல்லது. வீங்கிய டேங்க் ஃபிரேமில் உராய்ந்துகொண்டிருக்க, 'ஓடுகிறவரை ஓடட்டும்' என்று விடுவது மட்டும் கூடவே கூடாது. உராய்ந்த இடம் தேயும். தேய்ந்த இடம் கசியும். கசிவுக்குக் கீழே எஞ்சின் கொதித்துக் கொண்டிருக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் டேங்க் இரும்புத் தகட்டால் ஆனது, அது வீங்காது. எனவே நமக்குக் கவலையில்லை என்று எண்ணவேண்டாம். ஈரம் சேர்ந்தால் இரும்பு உள்ளே துருப்பிடிக்கும். டேங்குக்குக் கீழே பெட்ரோல் குழாய், காக்கின் வாஷர், கார்புரேட்டரின் ரப்பர் வளையங்கள் என்று எத்தனாலுக்கு இளகும் பொருள்கள் பல உண்டு. இத்தாலிய டேங்குக்கு நேர்ந்தது நம் வண்டியில் சின்னஞ்சிறு ரப்பர் வளையத்துக்கு நேரலாம். வளையம் சிறிது, கசிந்தால் வரும் தீ சிறிதன்று.

இந்தியாவில் ஐந்து விழுக்காடு எத்தனால் கலக்கும் திட்டம் 2003-இல் தொடங்கியது. 2022-இல் பத்து விழுக்காட்டை எட்டினோம். 2023 பிப்ரவரியில் இருபது விழுக்காட்டுப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2030-க்கு வைத்த இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025-இல் நாடெங்கும் அதுவே சாதாரணப் பெட்ரோல் ஆயிற்று. இருபது விழுக்காட்டைத் தாங்கும் பொருள்களால் வண்டிகள் செய்யப்படவேண்டும் என்ற ஏற்பாடு 2023 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த வண்டிகள் எத்தனை கோடி! அவற்றில் ஒன்றுதான் என்னுடையது. ஒன்று உங்களுடையதாகவும் இருக்கலாம்.

எத்தனாலுக்கு நான் பகைவன் அல்லன். கரும்பும் சோளமும் விளைவிக்கும் உழவருக்கு அதனால் வருவாய் உண்டு. எண்ணெய்க்காக வெளிநாட்டுக்குப் போகும் செல்வம் குறையும். இவை நல்ல காரணங்கள், நானும் ஒப்புகிறேன். பழைய வண்டிகளுக்குப் பெருந்தீங்கு இல்லை என்று அரசு சொல்கிறது. சில வண்டிகளில் இருபதாயிரம், முப்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பின் ரப்பர் பாகங்களை மாற்றவேண்டி வரலாம், அது சிறு செலவு என்றும் சொல்கிறது. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையோ, எத்தனாலை எண்ணாமல் வடிவமைத்துப் பத்து விழுக்காட்டுக்கு இசைவித்த இருசக்கர வண்டிகளில் எரிபொருள் சிக்கனம் 3 முதல் 4 விழுக்காடு குறையலாம் என்று மதிப்பிட்டது. வியப்பில்லை, ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு.

சிறு செலவுதான், ஆனால் யாருக்குச் சிறிது? மாதக் கடைசியில் விடுதி மெஸ் பாக்கியை எண்ணிப் பார்க்கும் மாணவனுக்கா? பழைய வண்டியில் பால் கேன் கட்டிச் செல்பவருக்கா? புது வண்டி வாங்கியவர் இந்தச் செலவை அறியார். வாங்க இயலாதவரே அறிவார். நாடு முழுவதற்கும் நன்மை தரும் திட்டம் என்றால் அதன் சுமையும் நாடு முழுவதற்கும் பொதுவாக வேண்டாமா? நன்மை பொதுவுடைமை, செலவு தனியுடைமை என்பது என்ன கணக்கு?

பல்கலைக்கழக வாயிலுக்கு அப்பால் உள்ள பெட்ரோல் நிலையம் ஒன்றில், 'இதில் எத்தனால் எவ்வளவு?' என்று கேட்டேன். ஊற்றுகிற இளைஞர் சிரித்தார். 'மேலே இருந்து வருவதை ஊற்றுகிறோம், பாய் சாப்' என்றார். அவர்மீது குறையில்லை. அவருக்கும் யாரும் சொல்லவில்லை. ஆனால் பிஸ்கட் பொட்டலத்தில்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடச் சொல்லும் நாட்டில், நூறு ரூபாய் கொடுத்து வாங்கும் திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்று பம்பின் மேல் எல்லோரும் படிக்கும்படி எழுதிவைக்கலாகாதா?

பிரிட்டனைப் பாருங்கள். 2021-இல் பத்து விழுக்காட்டுப் பெட்ரோலைச் சாதாரண வகையாக ஆக்கினார்கள். அதே வேளையில் ஐந்து விழுக்காட்டு வகையை உயர்தரப் பெட்ரோலாகத் தொடரவிட்டார்கள். எந்த வண்டிக்கு எது பொருந்தும் என்று பார்த்தறியவும் வழி செய்தார்கள். அந்த உயர்தரத்துக்கு விலை கூடுதல். ஆனால் தேர்வு இருந்தது. இங்கே, எத்தனால் கலவாத பெட்ரோலும் கிடைக்கவேண்டும், கலப்பின் அளவைப் பம்பில் எழுதவேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளிவிட்டது. தீர்ப்பை மதிக்கிறேன். நீதிமன்றம் கட்டளையிட மறுத்ததை அரசு தானாகவே செய்யத் தடை ஏதும் இல்லையே! பம்பில் கலப்பின் அளவை எழுதுக. பழைய வண்டிகளுக்குக் குறைந்த கலப்பு வகை ஒன்றை வழக்கில் வைத்திருக்க. ஆற்றல் குறைந்த எரிபொருளுக்கு அதற்கேற்ப விலையைக் குறைக்க. இம்மூன்றும் அளவுக்கு மீறிய கோரிக்கைகள் என்று எவரேனும் சொன்னால், காரணத்தையும் சேர்த்துச் சொல்லட்டும்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. கலப்பை அறியும் சோதனை மிக எளிது. ஆசிரியர் மேற்பார்வையில், நெருப்பு அண்டாத ஆய்வுக்கூடத்தில், அளவுக் குழாயில் 90 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் விட்டுக் குலுக்கி நிற்கவிடுங்கள். எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். கீழடுக்கு பத்திலிருந்து ஏறத்தாழ 28 ஆக உயர்ந்தால் கலப்பு இருபது விழுக்காடு. நம் வேதியியல் மாணவர்கள் இதைச் செய்து சங்கப் பலகையில் ஒட்டினால் அதைவிடப் பயனுள்ள அறிவிப்பு வேறில்லை. இயந்திரவியல் நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் கூடி, எல்லோர் வண்டியின் பெட்ரோல் குழாயையும் விரலால் அழுத்திப் பார்க்கட்டும். வெடித்ததையும் கொழகொழத்ததையும் மாற்றட்டும். கோடை விடுமுறைக்கு ஊர் போகுமுன் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்து, இரும்பு டேங்கானால் உள்ளே சிறிது எண்ணெய் விட்டுச் சுழற்றி வைப்போம். ரயில் பார்சலில் வண்டி அனுப்பும்போது டேங்கைக் காலி செய்யச் சொல்கிறார்கள், தயங்காமல் செய்கிறோம். நம் நன்மைக்காக அதையே ஒருமுறை செய்யக் கூடாதா?

பழையதை ஓட்டுவது குற்றமன்று. ஒரு பொருளைப் பழுது பார்த்து நெடுநாள் வைத்து ஆளுவதும் நாட்டுக்குச் செய்யும் சிக்கனம்தான். அதைச் செய்பவரிடம், 'எரிபொருள் மாறிவிட்டது, இதுதான் அளவு, இதுதான் செய்யவேண்டியது' என்று முன்கூட்டிச் சொல்வது ஆள்வோரின் கடமை. சொல்லும்படி கேட்பது நம் கடமை. நண்பர்களே, கேட்போம்!