போர்டோடு போனது

போன வாரம் இந்தப் பக்கத்தில், மைக்ரோசாஃப்ட் கைவிட்ட விண்டோஸ் 10-க்கு இரங்கல் எழுதியதிலிருந்து என்னைக் கணினி பழுதுபார்ப்பவன் என்று சிலர் முடிவுகட்டிவிட்டார்கள். பிரிண்டரில் மை காய்ந்துபோனால்கூட எனக்கு எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆனால் வந்தவற்றில் ஒரு கடிதம் வாரம் முழுக்க என்னைக் கடுகடுவென்று வைத்திருக்கிறது. கோபம் எழுதியவர்மீது இல்லை. அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பாவம்.

2017-இல் வாங்கிய கணினி அவருடையது. ஏழாம் தலைமுறை பிராசசர். விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இன்டெல் பிராசசர்களை ஏற்றுக்கொள்ளும். அதனால் கேபினெட், எஸ்எம்பிஎஸ், ஹார்ட் டிஸ்க் எல்லாம் அப்படியே இருக்க, போர்டு, பிராசசர், ராம் மூன்றையும் மட்டும் மாற்றியிருக்கிறார். கணினி நன்றாக ஓடுகிறது. ஆனால் திரையின் வலது கீழ் மூலையில் ‘விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்’ என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கிறது. “காசு கொடுத்து வாங்கினேன் ஐயா, பில் இருக்கிறது. அது எங்கே போயிற்று?” என்று கேட்கிறார்.

போர்டோடு போயிற்று, ஐயா.

கடையில் வாங்கும் விண்டோஸ் உரிமத்தில் இரண்டு வகை உண்டு. ரீடெயில் என்பது உங்களுக்குச் சொந்தம். பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். ஓஇஎம் என்பது கணினியோடு சேர்த்துத் தருவது. விலை குறைவு. ஆனால் அது உங்களுக்குச் சொந்தமில்லை, மதர்போர்டுக்குச் சொந்தம். போர்டு பழுதாகி அதற்கு மாற்றாக வேறு போட்டால் பரவாயில்லை, உரிமம் தொடரும். நல்லதாக இருக்கட்டும் என்று நீங்களே மாற்றினால் அது வேறு கணினி, வேறு உரிமம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து பிராண்டட் கணினிகளில் அந்தச் சாவியைப் போர்டில் உள்ள சிப்பிலேயே எழுதிவிடுகிறார்கள், ஸ்டிக்கர்கூடக் கிடையாது. இதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. எல்லோரும் ‘ஏற்கிறேன்’ என்று தட்டிவிட்டுப் போகும் அதே ஒப்பந்தத்தில். விற்றவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டார்.

தலைமையாசிரியர் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு என் வழியில் போகிறேன். பில்லில் எந்த வகை என்று பாருங்கள். அதில் இல்லையென்றால் கமாண்ட் விண்டோவில் ஒரு வரி தட்டினால் கணினியே சொல்லிவிடும், கடைத் தம்பிக்குத் தெரியும். 2016 ஆகஸ்டில் வந்த பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 உரிமத்தை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவைக்க முடியும். இணைத்திருந்தால், ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘சமீபத்தில் வன்பொருள் மாற்றினேன்’ என்று சொல்லி மீட்டுக்கொள்ளலாம். போர்டைக் கழற்றுவதற்கு முன்பே இணைப்பதுதான் புத்திசாலித்தனம். ஓஇஎம் என்றால் இந்த வழியையும் நம்ப வேண்டாம். புதிதாக ரீடெயில் வாங்குங்கள், அல்லது லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் யாராவது ஐந்நூறு ரூபாய்க்குச் சாவி தருகிறேன் என்றால் அந்த எண்ணைத் தடை செய்துவிடுங்கள்.

இந்தக் கெடுபிடி எக்ஸ்பி காலத்தில் வந்தது. 2001-க்கு முன்பு ஒரு விண்டோஸ் 98 சிடி ஒரு தெருவுக்கே போதுமானதாக இருந்தது. எக்ஸ்பி வந்து பிராசசர், ராம், ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் கார்டு என்று பத்து அடையாளங்களைக் குறித்துக்கொண்டது. அவற்றில் போதுமான அளவு மாறினால் மறுபடி அனுமதி கேட்க வேண்டும். தொலைபேசியில் கூப்பிட்டு நீளமான எண் ஒன்றை ஒப்பிக்க வேண்டும், மறுமுனை சொல்லும் எண்ணைத் தட்ட வேண்டும். திருட்டு நகலைத் தடுக்க வந்த ஏற்பாடு. திருடியவர்கள் ஆக்டிவேஷனே கேட்காத கார்ப்பரேட் பதிப்பைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். எண் ஒப்பித்தவர்கள் காசு கொடுத்தவர்கள்.

மற்ற நாடுகளில் இதைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஓஇஎம் மென்பொருளைக் கணினியிலிருந்து பிரித்துத் தனியாக விற்பதைத் தடுக்க முடியாது என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது. ஒருமுறை விற்ற மென்பொருளை வாங்கியவர் மறுபடி விற்கலாம், தன் நகலை மட்டும் அழித்துவிட வேண்டும் என்று 2012-இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஆரக்கிள் வழக்கில் சொன்னது. நம் உச்ச நீதிமன்றமும் சும்மா இருக்கவில்லை. டப்பாவில் வரும் மென்பொருள் சரக்குதான், விற்பனை வரி உண்டு என்று 2004-இல் டாட்டா கன்சல்டன்சி வழக்கில் தீர்ப்பு. வெளிநாட்டு மென்பொருளுக்குக் கொடுக்கும் பணம் ராயல்டி ஆகாது, நகலின் விலைதான் என்று 2021-இல் இன்னொரு தீர்ப்பு. வரிக் கணக்கில் அது சரக்கு. தலைமையாசிரியர் வீட்டு மேஜைக்கு வந்ததும் வெறும் அனுமதிச் சீட்டாகிவிடுகிறது.

இங்கிருந்து நான் எங்கே போவேன் என்று பழைய வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். ஆமாம், எழுத்துரு. மறுபடியும் எழுத்துரு. பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த முறை காரணம் இருக்கிறது.

என் முதல் கட்டுரைத் தொகுப்பு 1997-இல் வந்தது. திருவல்லிக்கேணியில் ஒரு டிடிபி சென்டரில் தட்டச்சானது. அதற்கு மறுபதிப்பு போடலாம் என்று இப்போதுள்ள பதிப்பாளர் கேட்டார். பழைய சிடி என்னிடம் இருந்தது. கொடுத்தேன். மறுநாள் அவருடைய ஆபரேட்டர் பெண் அழைத்து, “சார், இதுல தமிழே இல்லையே” என்றார்.

தமிழ் இருக்கிறது. பூட்டிக் கிடக்கிறது. அந்தக் காலத்துத் தமிழ் மென்பொருள்களில் சில, கணினியின் பின்புறம் பிரிண்டர் போர்ட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு லாக் செருகினால்தான் திறக்கும். எழுத்துருவும் அந்த மென்பொருளுக்குள்ளேயே அடைபட்டிருக்கும். டிடிபி சென்டர்க்காரர் அந்த லாக்கை இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறார், அதுதான் வேடிக்கை. தேடிப் போனதும் மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஆனால் செருக இடம் வேண்டுமே? இன்றைய போர்டுகளின் பின்புறத்தில் அந்த போர்ட்டைத் தேடினாலும் கிடைப்பதில்லை. போர்ட் இருந்தாலும் மென்பொருள் 16-பிட் காலத்துச் சரக்கு, 64-பிட் விண்டோஸ் அதைத் தொடாது. விண்டோஸ் 11-இல் 64-பிட் தவிர வேறு பதிப்பே இல்லை. அனுமதி கேட்கலாம் என்றால் அந்த நிறுவனமே இல்லை, கடையைக் கட்டிப் பல காலமாகிறது. எக்ஸ்பிக்காவது ஒப்பிக்க ஒரு தொலைபேசி எண் இருந்தது.

அந்த நிறுவனத்தைத் திட்டவும் மனம் வரவில்லை. எழுத்துரு வரைவது கண் போகும் வேலை. ஒரு நகல் விற்றால் அந்த வட்டாரம் முழுக்கப் பரவிவிடும். சின்ன நிறுவனங்கள் பூட்டுப் போட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் உள்ளே இருப்பது அவர்களுடைய எழுத்துரு மட்டும் இல்லையே. என் கட்டுரை அல்லவா இருக்கிறது?

இளம் வாசகர்களுக்கு இது விளங்காது. அவர்கள் யூனிகோடில் பிறந்தவர்கள். அப்போது ஓர் எழுத்துருவில் 256 இடங்கள்தான். பாதி ஆங்கிலத்துக்குப் போய்விடும். மிச்சத்தில் தமிழின் கொம்பு, கால், விசிறிகளையும், கு, கூ, சு, சூ என்று தனித்தனி வடிவங்களையும் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி அடுக்கிக்கொண்டது. சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்காரவைத்தார்கள். ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி: பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்பது இதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து டொரண்டோ வரை ஒரு தலைமுறையே இப்படித் தட்டியிருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கையில் மிஞ்சுவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி.

ஒழுங்குபடுத்த முயன்றவர்கள் இல்லாமலில்லை. தன்னார்வலர்கள் கூடித் திஸ்கி குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. யூனிகோடில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்திருந்தது. விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துரு வந்தது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது. இத்தனைக்கும் பிறகும் நம் அச்சுலகம் அசையவில்லை. காரணம், பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள். அதற்கு யூனிகோட் தெரியாது. 2001-க்குப் பிறகு அதன் புதிய பதிப்பும் வரவில்லை. இன்டிசைனில் தமிழ் ஒழுங்காக அமைய 2012-இல் சிஎஸ்6 வர வேண்டியிருந்தது. எனவே இடைப்பட்ட ஆண்டுகளில் அச்சான தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பங்கின் மூலக் கோப்புகள் ஏதோ ஒரு பழைய எழுத்துருவில்தான் கிடக்கின்றன. அந்த எழுத்துரு எந்தக் கணினியில் இருந்தது, அந்தக் கணினி எந்தக் காயலான் கடைக்குப் போனது, யாருக்குத் தெரியும்?

தெரிந்த எழுத்துருவாக இருந்தால் மாற்றிகள் உண்டு. பாமினி, திஸ்கி, டாப் எல்லாம் நொடியில் யூனிகோட் ஆகிவிடும். எங்களுடையது எந்த மாற்றியிலும் இல்லாத ரகம். ஆபரேட்டர் பெண் அசரவில்லை. அச்சான புத்தகத்தை ஒரு பக்கமும் திரையில் தெரியும் குப்பையை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு, இந்தக் குறி ‘க’, இந்தக் குறி ‘னை’ என்று பட்டியல் போட ஆரம்பித்தார். நான் புத்தகத்தை வாசிக்க, அவர் குறித்துக்கொண்டார். என் பழைய நடையை உரக்க வாசிப்பது தண்டனைதான். ஆனால் குப்பைக்குள்ளிருந்து முதல் தமிழ் வரி எழுந்து வந்தபோது இருவரும் கைதட்டினோம். இந்த வாரத்தின் ஒரே மகிழ்ச்சி அதுதான்.

பிறகு சில்லறைத் தொல்லைகள். பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்ற வரிசையில் இருக்கும். யூனிகோடுக்கு வரிசையை மாற்ற வேண்டும். ‘கௌ’ என்பதோ கொம்பு, க, ‘ள’ என்று இருக்கும். இடத்தை மிச்சம் பிடிக்க ‘ள’வையே அந்தப் பின்பாதிக் குறியாகவும் பயன்படுத்திக்கொண்டார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்குத் தெரியும். எழுத்தாளர் மௌனியைப் பற்றிய என் கட்டுரை முழுக்க அவர் ‘மெளனி’யாக வந்து நின்றார். ஒவ்வோர் இடமாகத் திருத்தினோம். எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றினால் ‘வெள்ளி’க்கும் ‘தெளிவு’க்கும் ஆபத்து. இணையத்தில் நீங்கள் பார்க்கும் ‘கெளரவம்’களில் பலவும் இப்படி மாறி வந்தவைதான் என்பது என் கட்சி.

விண்டோஸ் உரிமம் போனால் இன்னொன்று வாங்கலாம், எரிச்சலோடாவது. என் புத்தகமும் அச்சில் இருந்ததால் பிழைத்தது. அச்சேறாமல் போனவற்றை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. சிற்றிதழ்க்காரர்கள் தட்டச்சு செய்து, காசில்லாமல் நிறுத்திவைத்த இதழ்கள். கோயில் தலபுராண உரைகள். ஊர்ப் பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்லித் தட்டச்சு செய்த குடும்ப வரலாறுகள். பல்கலைக்கழக ஆய்வேடுகளின் கோப்புகள். அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வைக்க ஒரு தாள்கூட இல்லை.

விண்டோஸ் 10 போனதை ஒட்டி இப்போது ஊர் முழுக்கப் பழைய கணினிகள் எடைக்குப் போகின்றன. உங்கள் வீட்டிலோ, தெரிந்த அச்சகத்திலோ 2010-க்கு முன் தமிழ் தட்டிய கணினி இருந்தால் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். கோப்புகளை மட்டும் எடுத்தால் போதாது. எழுத்துருக்கள் இருக்கும் ஃபோல்டரையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். அந்த மென்பொருளின் பெயரைக் குறித்து வையுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் மாற்றி இலவசமாகக் கிடைக்கிறது, முதலில் அதில் போட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால், அந்தக் கணினி உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு கோப்பிலிருந்தும் ஒரு பக்கத்தையாவது தாளில் அச்சடித்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.