குளத்துக்கு ஒரு கிள்ளு, பசித்தவனுக்கு ஒரு தொன்னை

அமாவாசையன்று திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் போய் வந்தவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். ஹிருத்தாபநாசினிக் குளத்தின் படிகளில் கூட்டம் நெரியும். ஆளுக்கொரு வெல்லக் கட்டியை நீரில் கரைத்துவிட்டுக் கைகூப்புவார்கள். வெல்லம் கரைவதுபோல் உடம்பில் உள்ள மருவும் கட்டியும் கரைந்துவிடும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை.

நம்பிக்கையைக் கேலி செய்வது எளிது. ஆனால் அது நாகரிகமன்று. நோய்ப்பட்டவன் மனத்துக்கு ஓர் ஆறுதல் வேண்டும். வைத்தியரிடம் காட்ட வேண்டியதைக் காட்டிவிட்டுப் பெருமாளிடமும் முறையிட்டால் அதில் குற்றமென்ன? ஆனால் கொண்டுவரும் வெல்லம் முழுவதும் குளத்துக்குத்தான் போக வேண்டுமா என்று கேட்பதிலும் குற்றமில்லை அல்லவா?

இறைவன் முன் வைப்பது நைவேத்தியம். அது மனிதர் கைக்குத் திரும்பி வரும்போது பிரசாதம். திருப்பதி லட்டுக்கு 2009-லும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. சர்க்காரின் முத்திரை வருமுன்பே அவற்றுக்குப் புகழ் இருந்தது. யாத்திரை போனவர் ஊர் திரும்பியதும் அண்டை வீட்டுக்கும் ஒரு துண்டு லட்டு, ஒரு கரண்டி பஞ்சாமிர்தம் கொடுத்தாரே, அதனால் வந்த புகழ் அது. குளத்தில் கரைத்த வெல்லமோ யார் கைக்கும் திரும்புவதில்லை.

அதோடு போவதுமில்லை. நீரில் சேரும் இனிப்பைத் தின்று நுண்கிருமிகள் பெருகுகின்றன. அவை பெருகப் பெருக நீரிலுள்ள பிராணவாயு குறைகிறது. அளவுக்கு மீறினால் மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். நெஞ்சின் தாபம் தீர்ப்பது என்று பெயர் பெற்ற தீர்த்தத்தில் வாயில்லா ஜீவன்கள் தவிக்கலாமா?

இதற்கு விடை தேடி எங்கும் அலைய வேண்டாம். அந்தக் கோயிலின் தல வரலாறே சொல்கிறது. சாலிஹோத்ர முனிவர் இங்கே தவமிருந்தார். சிதறிய தானியங்களைப் பொறுக்கி மாவாக்கிப் பெருமாளுக்குப் படைத்தார். அதிதிக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு, வருபவருக்காகக் காத்திருந்தார். தள்ளாத கிழவர் ஒருவர் வந்தார். அவர் பங்கை உண்டும் பசி அடங்கவில்லை. முனிவர் தம் பங்கையும் கொடுத்துவிட்டார். உண்ட களைப்பில் கிழவர் கேட்டார்: "படுப்பதற்கு எவ்வுள்?" தம் குடிசையைக் காட்டினார் முனிவர். அங்கே சயனித்த கிழவர் பெருமாளே என்பது கதை. திருஎவ்வுள் என்ற பெயர் அந்தக் கேள்வியால் வந்தது. மாவைப் படைத்தபோது வராத பெருமாள், அந்நியனுக்குச் சோறிட்டபோது வந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே ஒரு யோசனை. நம்பிக்கைக்கு ஒரு கிள்ளு வெல்லம் குளத்தில் கரையட்டும். மீதியை வாங்க வாசலில் ஓர் அண்டா வைக்கலாம். ஒரு கிலோ வெல்லத்துடன் அரைக்கிலோ அரிசியும் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பும் சேர்ந்தால், முப்பது பேருக்குத் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிடலாம். பலர் கொண்டுவந்த வெல்லம் சுத்தமாயிருக்குமா என்று சிலர் கேட்கக்கூடும். பாகு காய்ச்சுமுன் கரைத்து வடிகட்டுவதும், மண் நிறைந்த கட்டியை ஒதுக்குவதும் சமையலறைக்குத் தெரியாத வித்தையா?

வாங்க ஆளில்லையே என்ற கவலையும் வேண்டாம். இதே ஜில்லாவில் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. அங்குள்ள உருக்காலைகளிலும் வார்ப்படப் பட்டறைகளிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். பாஷை தெரியாத ஊரில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கியதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? தங்க இடம் எங்கே என்பதுதான்.

அன்று கிழவர் கேட்டதும் அதைத்தானே! அமாவாசைப் பொங்கலில் ஒரு பங்கு கும்மிடிப்பூண்டிக்கும் போகட்டும். கரைந்த வெல்லத்தால் மரு மறையுமோ மறையாதோ, பகிர்ந்த வெல்லத்தால் ஒருவன் பசி தீர்வது நிச்சயம்.