அரைக் கிலோ கியர் நாபும் சித்திரை வெயிலும்

கார் கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் கியர் நாபைக் கழற்றிவிட்டு, உலோகத்தில் கடைந்து தரச் சொல்லி வரும் பையன்களுக்குக் குறைவில்லை. கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் எனக்கு அது வருமானம்தான். ஆனாலும் சொல்கிறேன்: நம் வெயிலுக்கு முழு உலோக நாப் ஆகாது.

அவர்கள் கேட்பது எடை. அதில் நியாயம் உண்டு. நாப் கனமாக இருந்தால் தள்ளிய வேகத்திலேயே கியர் விழும். 50 மில்லிமீட்டர் உருண்டை அலுமினியத்தில் சுமார் 175 கிராம். எஸ்.எஸ்.ஸில், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், அரைக் கிலோ. பித்தளை இன்னும் கொஞ்சம் கூட.

கண்ணாடியை ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள் பிளாஸ்டிக் நாபும் உலோக நாபும் ஏறத்தாழ ஒரே சூட்டில்தான் இருக்கும். பிளாஸ்டிக்கில் மேல்தோலின் சூடு கைக்கு வந்ததோடு சரி. உலோகத்தில் உள்ளே இருக்கும் சூடும் பின்னாலேயே வரும். அலுமினியம் எஸ்.எஸ்.ஸைவிடச் சுமார் பத்து மடங்கு சூட்டைக் கடத்தும். தொட்டதும் சுரீர் என்னும், ஏ.சி. போட்டால் சீக்கிரம் அடங்கும். எஸ்.எஸ். உருண்டை தேக்கி வைக்கும் சூடு அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். அவிநாசி ரோடு முழுக்கக் கியர் மாற்றினாலும் லேசில் ஆறாது. ஜனவரி விடியலில் ஊட்டியில் வண்டி எடுத்தால் இதே கதை தலைகீழாக நடக்கும், விரல் மரத்துப்போகும்.

1997 சிவிக் டைப் ஆரில் ஹோண்டா டைட்டானியம் நாப் வைத்தது. பிற்பாடு அதே வரிசையில் அலுமினியத்துக்கு வந்துவிட்டது. டைட்டானியம் எஸ்.எஸ். போலவே சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், எடையும் அவ்வளவு இல்லை. ஆனால் ராடு விலையைச் சொன்னதும் பையன்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். எனக்கும் நிம்மதி, கடையும்போது டைட்டானியச் சுருள் தீப்பிடிக்கக்கூடும்.

நான் சொல்வது வேறு. உள்ளே எஸ்.எஸ். கட்டை, வெளியே ஆறு மில்லிமீட்டர் கனத்தில் டெல்ரின் பிளாஸ்டிக் உறை. பட்டறையில் பம்ப் பாகம் கடைந்ததில் மிஞ்சும் துண்டே போதும். முழு அலுமினிய உருண்டையைவிடக் கனமாகவே வரும், கையும் சுடாது. கடைந்து வைத்ததைக் காட்டினால், “ஏனுங்கண்ணா, பளபளப்பே இல்லீங்களே?” என்கிறார்கள்.

பளபளப்புத்தான் வேண்டுமென்றால் அலுமினியத்தில் கடைந்து பஃபிங் போட்டுக் கொடுக்கிறேன். முழு எஸ்.எஸ். உருண்டை வேண்டாம் என்பதை மட்டும் சொல்லிவிடுவேன்.